நேசபாயக்காவின் வயது

எங்கள் பயோகெமிஸ்ட்ரி துறையில் எல்லாரையும்விட மூத்தவர் நேசபாயக்கா. கல்லூரிக் கட்டடத்தில் சுவர் காய்வதற்கு முன்பே டெஸ்ட் டியூப் பெட்டிகளைத் தலையில் வைத்து மூன்றாம் மாடிக்கு ஏற்றியவர். லிஃப்ட் வந்தது அதற்கு ஐந்து வருஷம் கழித்து; அதுவும் பாதி நாள் ஓடாது. நான் வேலைக்குச் சேரும்போது அவர் அங்கே பன்னிரண்டு வருஷம் முடித்திருந்தார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் கடைசியில் இருக்கும், அட்டெண்டர் என்று.

கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நாகர்கோவிலுக்கும் தக்கலைக்கும் நடுவே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தப்பு கல்லூரியுடையது இல்லை, என்னுடையது. அதைச் சொல்லாமல் தப்பிக்க ஒரு வருஷமாக ஆயிரம் சாக்கு கண்டுபிடித்தாயிற்று. இனி சாக்கு கைவசம் இல்லை.

நேசபாயக்காவுக்கு ஊர் இரணியல் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம். பத்தாம் வகுப்பு வரை படித்தவர். கணவர் ரசலையன் சவுதிக்குக் கம்பி கட்டும் வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து திரும்பி வந்தவர். பதினெட்டு வருஷமாக வீட்டில்தான். மகன் சஜின் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்குழுவின் முதல் வரிசையில் நிற்பார். மற்ற ஆறு நாளும் ஏழே முக்கால் பஸ்ஸில் வந்து இறங்கி, இடுப்பில் துறையின் சாவிக்கொத்தோடு மாடி ஏறுவார். பிராக்டிகல் பரீட்சை அன்று கை நடுங்குகிற பிள்ளைகளின் பக்கமாக வந்து, "பேடிக்காத மக்கா, பச்சை வந்தா சர்க்கரை கொஞ்சம், செங்கல் நெறம் வந்தா கூடுதல்" என்று சொல்லிவிட்டு, நான் திரும்பும்போது ஜன்னல் துடைத்துக்கொண்டிருப்பார். நானும் காதில் விழாதவன்போல இருந்துவிடுவேன்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்து, பயோகெமிஸ்ட்ரியில் எம்.டி. எடுத்தவன். "பிணத்தையும் தொடப்பிடாது, சீக்காளியையும் தொடப்பிடாது, ஆனா டாக்டர்னு போர்டு மட்டும் வேணும்" என்று என் மாமனார் கல்யாணப் பந்தியில் வைத்தே கிண்டல் பண்ணினார். கிண்டல்தான், பொய் இல்லை. பதினான்கு வருஷமாக நான் தொட்டதெல்லாம் சீசாவில் அடைத்து வந்த ரத்தம். அந்தச் சீசாவுக்குப் பின்னால் ஒரு ஆள் உண்டு என்பது எனக்கு எப்போதாவதுதான் ஞாபகம் வரும்.

போன வருஷம் கிறிஸ்மஸ் லீவு முடிந்து கல்லூரி திறந்த முதல் நாள். வழக்கம்போல லிஃப்ட் ஓடவில்லை. நான் மாடி ஏறிக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், படி திரும்புகிற இடத்தில், பிப்பெட் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நேசபாயக்கா தரையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, இஞ்ச இருந்துட்டிய?"

"ஒண்ணும் இல்ல சார். நாலு படி ஏறினா நெஞ்சு படபடன்னு அடிக்கு. நீங்க போங்க, நான் பைய வாறேன்."

நான் குனிந்து அவர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெள்ளைவெளேரென்று இருந்தது. நகம் நடுவில் குழிந்திருந்தது. எனக்கு உள்ளே ஏதோ ஒரு துள்ளல். பதினான்கு வருஷம் கழித்து ஒரு உடம்பைப் பார்த்து நோய் சொல்லப்போகிறேன்! அவரை என் அறைக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தேன். மேஜையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

நோட்டுப் புத்தகம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. டாக்டர் அக்கறையாக எழுதிக்கொள்கிறார் என்று நினைத்திருப்பார். உண்மை வேறு. அந்த வாரத்துக்குள் நான் பிபிஎல்லுக்கு ஒரு கேஸ் எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது.

பிபிஎல், அதாவது ப்ராப்ளம் பேஸ்டு லேர்னிங், புதிதாக வந்த பாடமுறை. ஆசிரியர் பாடம் நடத்துவதில்லை. ஒரு நோயாளியின் கதையைத் தாளில் பக்கம் பக்கமாக அச்சடித்துக் கொடுப்போம். பத்துப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, இதில் நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எதைப் படித்துவிட்டு வரவேண்டும் என்று தாங்களே பேசிப் பிரித்துக்கொள்வார்கள். மூன்று நாள் கழித்து வந்து படித்ததைச் சொல்வார்கள். கூட உட்காருகிற ஆசிரியருக்கு ஒரே விதிதான்: விடை சொல்லக் கூடாது. அவர் கையில் மட்டும் டியூட்டர் கைடு என்று ஒரு ரகசியத் தாள் இருக்கும். விடை அதில் உண்டு. வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு இரண்டு நாள் பயிற்சி வேறு கொடுத்தார்கள். அதில் நான் நன்றாகவே தேறினேன்.

எனக்குக் கொடுத்திருந்த தலைப்பு, உடம்பில் இரும்புச்சத்து. இரும்புக்கு ஏற்ற நோயாளி இல்லாமல் ஒரு வாரமாக அலைந்துகொண்டிருந்தேன். இதோ, நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

ஒவ்வொன்றாகக் கேட்டேன். சாப்பாடு என்ன? மரச்சீனிக் கிழங்கும் மீனும், சில நாள் கஞ்சி. மாதவிலக்கு? "அது நின்னு நாலு வருசமாச்சு சார்." வயது? "வாற சித்திரையில அம்பத்தஞ்சு." உடம்பு மெலிந்திருக்கிறதா? "சட்டைய ரெண்டு தரம் பிடிச்சுத் தச்சாச்சி." வேறு ஏதாவது? நேசபாயக்கா வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சார், இத ஆருட்டயும் சொல்லப்பிடாது. கேட்டா சிரிப்பாவ. பச்சரிசியக் கண்டா எனக்கு நிக்க முடியாது. சேலத் தலப்புல முடிஞ்சு வச்சுக் கொறிப்பேன். வீட்டுல அவருக்குகூட அறியாது. சின்னப் பிள்ள மாதிரி, என்ன நாணக்கேடு பாருங்க."

நான் சிரிக்கவில்லை. சந்தோஷப்பட்டேன். சே! அந்தச் சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அரிசி, மண், சாம்பல் என்று எதையாவது கொறிக்கத் தோன்றும். எந்தப் புத்தகத்திலும் உண்டு. பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும் என்று தாளில் வைப்பதற்கு அதைவிட நல்ல தடயம் கிடைக்காது. "ஆருட்டயும் சொல்லமாட்டேன் அக்கா" என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் 'பச்சரிசி' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஹீமோகுளோபின் ஏழு புள்ளி நாலு. பன்னிரண்டு இருக்கவேண்டும். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை என் மேஜையில் ஒரு சீப்பு ஏத்தம்பழம் இருந்தது. "வீட்டுல காச்சது சார். நீங்க பாத்தியளே, அதுக்கு" என்றார். வெட்கமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் அவித்துத் தின்றேன்.

அன்று மத்தியானமே கேஸை எழுத உட்கார்ந்தேன். இப்போது வருவதுதான் கேவலம். மற்றதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பிபிஎல் கேஸில் விடை முதலில் வரும். நோயாளியை அதற்கு ஏற்றபடி பிறகு செய்துகொள்வோம். விடை எனக்குத் தெரியும்: சாப்பாட்டில் இரும்பு போதவில்லை, மாதவிலக்கில் ரத்தம் போகிறது, அதனால் ரத்தச்சோகை. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அது போதும். ஆனால் நோட்டில் ஐம்பத்து நாலு என்று இருக்கிறது, மாதவிலக்கு நின்று நாலு வருஷம் என்று இருக்கிறது. அப்படியே எழுதினால் கொஞ்சம் விவரமான பிள்ளை கேட்கும்: அப்படியானால் ரத்தம் எங்கே போகிறது, குடலைப் பார்க்கவேண்டாமா என்று. குடலில் கட்டி, புற்றுநோய் என்று பேச்சு திசைமாறிப் போகும். அதெல்லாம் மூன்றாம் வருஷப் பாடம். என் தலைப்பு இரும்பு.

ஆகவே ஐம்பத்து நாலை அடித்துவிட்டு நாற்பத்திரண்டு என்று எழுதினேன். சட்டையைப் பிடித்துத் தைத்ததை எடுத்துவிட்டேன். மாதவிலக்கில் அதிகம் போவதாகச் சேர்த்தேன். பெயர் ராஜபாய், வேலை பள்ளிக்கூட ஆயா. மாடிப்படியில் உட்கார்ந்ததையும் பச்சரிசியையும் அப்படியே விட்டேன்.

அதை எழுதும்போது கை கூசவில்லை. தெரியாமல் செய்தால் பிழை என்று சொல்லிக்கொள்ளலாம். ஐம்பத்து நாலு வயதில் இந்த நோய்க்கு அர்த்தமே வேறு என்று தெரிந்ததால்தானே வயதை மாற்றினேன்? தாளில் இருக்கிற ராஜபாய் விஷயத்தில் எனக்கு அது தெரிந்தது. நாலு அடி தள்ளி டெஸ்ட் டியூப் கழுவிக்கொண்டிருந்த நேசபாய் விஷயத்தில் அது தோன்றவில்லை. மெத்தப் படித்தவன் என்ற பெயர் மட்டும் உண்டு.

ஒரு மாதம் மாத்திரை தின்ற பிறகு திரும்பப் பார்த்தோம். ஏழு புள்ளி ஆறு. ஏறியிருக்கவேண்டும், ஏறவில்லை. நான் அவரிடம் கோபப்பட்டேன்.

"ஒழுங்கா மாத்திரை தின்னுதியளா? மறந்துபோறியளா?"

"தெவசமும் தின்னுதேன் சார்" என்றார், தப்புச் செய்தவர்போல. "தின்னாம இருப்பனா?"

"பின்ன எப்படி ஏறாம இருக்கும்? டீ குடிச்சுகிட்டே தின்னுவிய. அதான்."

டீயை விட்டுவிட்டார். முப்பது வருஷப் பழக்கம் அது.

பிப்ரவரி இரண்டாம் வாரம் திங்கட்கிழமை என் கேஸின் முதல் அமர்வு. அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டதும், தாள்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்ததும் நேசபாயக்காதான். தாள் ஆங்கிலத்தில் இருக்கிறதே, அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நான் நினைத்தேன். இருபத்திரண்டு வருஷமாக சீசா லேபிள்களை எழுத்துக்கூட்டி வாசித்து அடுக்குகிறவர் அவர் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஒரு பெண் சத்தமாக வாசித்தாள். பச்சரிசி வந்ததும் ஜெரிஷ் என்ற பையன் வெடித்துச் சிரித்தான்.

"ஏலே, ஆயாம்மா ஸ்கூல் பிள்ளையளுக்க சத்துணவு அரிசியத் திருடித் தின்னுருக்கும்லே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு நிமிர்ந்தால், பின்சுவர் ஓரத்தில் நேசபாயக்கா தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கியதையே திரும்ப எடுத்து அடுக்கினார். முகத்தைத் திருப்பவில்லை. அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகியிருந்ததை மட்டும் பார்த்தேன்.

சிரிக்காதவள் ஒருத்தி. கோட்டாறு பெண், இர்ஷாதா என்று பெயர். அதிகம் பேசமாட்டாள், பேசினால் விடமாட்டாள்.

"சார், இந்த அம்மாக்கு மாதவிலக்கு இருக்கதால காரணம் கெடைச்சாச்சு. அது நின்னுபோன ஒரு ஆளா இருந்தா?"

"நின்னுபோகலையே. தாள்ல இருக்கத வச்சுப் பேசு."

"இல்ல சார். இரும்பு உடம்புல இருந்து சும்மா வெளிய போவாதுல்லா, ரத்தத்தோடதான போவும். அப்போ ரத்தம் எங்க சார் போவுது?"

ஆசிரியர் விடை சொல்லக் கூடாது என்பது விதி. கேள்வியை அமுக்கக் கூடாது என்பதும் விதிதான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் எழுந்துபோய் வெள்ளைப் பலகையில், படிக்கவேண்டியவை என்ற வரிசையின் கடைசியில், 'ரத்தம் எங்கே போகிறது?' என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை இரண்டாம் அமர்வு. எல்லாரும் படித்ததைச் சொன்னார்கள். இர்ஷாதாவின் முறை வந்தது.

"மாதவிலக்கு நின்னுபோன பெண்ணுக்கு இரும்புச்சத்து கொறைஞ்சா, மாத்திரை மட்டும் குடுத்து விடப்பிடாது சார். குடல்ல எங்கயாவது கசியுதான்னு பாக்கணும். புற்றுநோய் இல்லன்னு தெரியுற வரைக்கும் தேடணும். எல்லா புக்லயும் அப்படித்தான் இருக்கு."

"நம்ம பேஷண்டுக்கு நாற்பத்திரண்டு வயசு" என்றேன். "நீ வேற ஒரு ஆளக் கொண்டுவந்து வைத்தியம் பாக்கக் கூடாது."

மறுபடி சிரிப்பு. அவள் முகம் சிவந்து உட்கார்ந்தாள். நான் டியூட்டர் கைடில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன்.

பிள்ளைகள் போன பிறகு நேசபாயக்கா பலகையைத் துடைத்தார். மேலிருந்து ஒவ்வொரு வரியாகத் துடைத்துக்கொண்டு வந்தவர், கடைசி வரியைத் துடைக்காமல் டஸ்டரைக் கீழே வைத்தார்.

"சார், அந்தத் தாள்ல உள்ளது நான்தானே?"

"ஆமாக்கா. பாடத்துக்கு ஒரு கேஸ் வேண்டியிருந்து... உங்கட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"அது சாரமில்ல. பிள்ளையளு படிக்கட்டு. வயச மட்டும் என்னத்துக்குக் கொறச்சிய?"

அந்த நேரத்தில் ஒரு நல்ல பொய் கிடைத்தது. "உங்களத்தான்னு ஆருக்கும் தெரியப்பிடாதுன்னு அக்கா. அதுக்குத்தான்."

நேசபாயக்கா என்னையே பார்த்தார்.

"அப்படின்னா பச்சரிசிய எடுத்திருக்கலாமே சார்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. நான் தாள்களை அடுக்குவதுபோலப் பாவனை செய்தேன்.

"அந்தப் பிள்ள சொன்னாளே, அது எனக்கு உள்ளதா சார்?"

ஒரு நொடி போதும். ஆமாக்கா, வாருங்கள், இப்போதே போய்ப் பார்த்துவிடலாம் என்று சொல்ல. சர்ஜரி ஓபி அதே வளாகத்தில், நூறு அடியில் இருக்கிறது. ஆனால் அங்கே டாக்டர் குளோரி இருப்பார். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர், வாயைத் திறந்தால் குண்டூசி. 'ஐம்பத்து நாலு வயசுக்கு எத்தனை நாளா மகேஷ் இரும்பு மாத்திரை குடுத்துட்டிருக்கே?' என்று எல்லார் முன்னாலும் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். ஒரு மனுஷியின் உயிரைவிட அந்தக் கேள்வி எனக்குப் பெரிதாக இருந்தது.

"அது பரீட்சைக்கு உள்ளது அக்கா. நீங்க மாத்திரைய மொடக்காதிய."

"செரி சார்" என்று டஸ்டரை எடுத்து, மீதி வரியையும் துடைத்தார்.

நாளைக்கு அனுப்பலாம், ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பலாம் என்று நினைத்தேன். அப்படி இருபது 'நாளைக்கு' வந்து போனது.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் இர்ஷாதா என் அறை வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"சார், மன்னிக்கணும். ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

நேசபாயக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து வயதைக் கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு மாற்றிய அதே எண்ணை, அவள் படியில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்படியே கையைப் பிடித்து சர்ஜரி ஓபிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள்.

"ஃபர்ஸ்ட் இயர்னா உள்ள விடமாட்டாங்க சார். அதனால மகேஷ்குமார் சார்தான் சந்தேகப்பட்டு அனுப்பினாங்கன்னு உங்க பேரச் சொல்லிட்டேன். நேத்து குடல்ல கேமரா விட்டுப் பாத்தாங்க. வலது பக்கம் கட்டி இருக்கு சார்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "உங்கட்ட கேக்காம உங்க பேரச் சொன்னது தப்பு சார்."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! பத்தொன்பது வயதுப் பிள்ளை. நான் நடந்ததைச் சொல்லியிருக்கவேண்டும். "பரவாயில்லைம்மா" என்று சொன்னேன். பெரிய மனதுக்காரன்போலத் தலையை ஆட்டி அவளை அனுப்பிவைத்தேன்.

ஆபரேஷன் முடிந்த அன்று குளோரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சும்மா சொல்லக்கூடாது மகேஷ், சீசாவைப் பார்க்கிற ஆளுக்கு இவ்வளவு கண் இருக்கும்னு நான் நினைக்கல. ரெண்டு நிணநீர் முடிச்சுல பரவியிருக்கு. ஒரு ரெண்டு மாசம் முந்தி வந்திருந்தா..." என்று சொல்லி நிறுத்தினார். "அது அவங்க தலையெழுத்து. நீயாவது பிடிச்சியே."

ரெண்டு மாசம். சரியாகச் சொன்னால் ஐம்பத்தெட்டு நாள். முதல் மாத்திரை கொடுத்த தேதி என் நோட்டில் இருக்கிறது. அன்றிலிருந்து இர்ஷாதா அவரை ஓபிக்குக் கூட்டிப்போன நாள் வரை எண்ணிப் பார்த்தேன். குளோரியிடம் வாயைத் திறக்கவில்லை. எந்தக் கேள்விக்குப் பயந்தேனோ அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

பிறகு ஆறு மாதம் கீமோ. முடி முழுக்கக் கொட்டாவிட்டாலும் பாதியாகிவிட்டது. விரல் நுனி மரத்து, சாவிக்கொத்து கையிலிருந்து நழுவியது. பாட்டுக்குழுவில் நிற்க முடியாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடியதாகச் சொன்னார்கள். இடுப்பொடிந்த ரசலையன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கஞ்சி வைத்துக் கொடுத்தாராம். நான் இரண்டு தடவை ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இரண்டு தடவையும் ரசலையன் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாரு இல்லேன்னா இவ இல்ல" என்றார். நேசபாயக்கா கட்டிலில் படுத்து மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

கல்லூரி நாள் விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வகுப்பறையில் எழுதிய கேஸ் ஒரு உயிரைக் காப்பாற்றியது என்று முதல்வர் மைக்கில் முழங்கினார். புதிய பாடமுறையின் வெற்றி என்றார். நேசபாயக்காவையும் மேடைக்கு அழைத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார் நேசபாயக்கா. "கேள்வி கேட்ட பிள்ளைக்கும் நன்றி." மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப்போனார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கடைசி வரிசையில் இர்ஷாதா தலையைக் குனிந்துகொண்டாள். நான் பொன்னாடையோடு உட்கார்ந்து கைதட்டினேன்.

இந்த வருஷம் நேசபாயக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். மாடி ஏறவேண்டாம் என்று கீழே ஜெராக்ஸ் அறையில் போட்டிருக்கிறார்கள். பிபிஎல் அமர்வு இருக்கிற நாள் மட்டும் லிஃப்டில் வந்து அறையைச் சரிசெய்வார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். இதுவரை ஒன்றும் இல்லை. இதுவரை.

மறுபடி இரும்பு வாரம் வந்தது. இப்போது அது கல்லூரியின் மாதிரி கேஸ். நான் திருத்தி எழுதினேன். வயது ஐம்பத்து நாலு. சட்டையைப் பிடித்துத் தைத்தது உண்டு. பச்சரிசியை எடுத்துவிட்டேன். பாவத்துக்குப் பரிகாரம் செய்துவிட்ட நினைப்பில் தாளை ஜெராக்ஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நேசபாயக்கா கண்ணாடியைப் போட்டு, எழுத்துக்கூட்டி, இரண்டு பக்கத்தையும் வாசித்தார். நான் நின்றேன்.

"பச்சரிசிய எடுத்திட்டியளே சார்."

"அது வேண்டாம் அக்கா. அன்னைக்கு அவ்வளவு சிரிச்சானுவ."

"இருக்கட்டு. சிரிச்சா சிரிக்கட்டு. அதக் கண்டுதான பிள்ளையளுக்கு நோய் தெரியும்." தாளை என் பக்கமாகத் திருப்பி, இரண்டாம் பக்கத்தின் மேலே விரலை வைத்தார். "இஞ்ச ஒண்ணு விட்டுப்போச்சி."

"என்னது?"

"இவ ஒரு டாக்டர்ட்ட போனா. உள்ளத எல்லாம் சொன்னா. அவரு அம்பத்தெட்டு நாளு இரும்பு மாத்திரை குடுத்தாரு. அத எழுதல்லியே சார். பிள்ளையளு படிக்க வேண்டியது அதுல்லா?"

ஐம்பத்தெட்டு. அவரும் எண்ணியிருக்கிறார்.

எழுதினேன். அதே அறையில் உட்கார்ந்து, அவர் பேனாவை வாங்கி எழுதினேன். திங்கட்கிழமை புதுப் பிள்ளைகள் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து வாசித்தார்கள். பச்சரிசிக்கு ஒருத்தனும் சிரிக்கவில்லை. டாக்டரைப் பற்றிய வரி வந்ததும் சிரித்தார்கள்.

"யாரு சார் அந்த டாக்டர்? சரியான மண்டனா இருப்பாரு போலிருக்கே!" என்றான் ஒரு பையன்.

பின்சுவர் ஓரத்தில் பாட்டில் அடுக்குகிற சத்தம் நின்றது. இரண்டே எழுத்து. 'நான்' என்று சொன்னால் முடிந்தது. ஒரு வருஷமாக அந்த ஒரு வார்த்தையைத்தான் தொண்டையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். பத்து முகமும் என்னைப் பார்த்தன.

"அது இதுல இல்ல" என்றேன். "தாள்ல இருக்கத வச்சுப் பேசு."

இர்ஷாதாவிடம் சொன்ன அதே வாசகம். பாட்டில் அடுக்குகிற சத்தம் திரும்பக் கேட்டது. நேசபாயக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்பார்த்திருந்தால்தானே பார்ப்பார்?

தாளில் இல்லை என்று சொன்னேன் அல்லவா. இப்போது எழுதிவிட்டேன். அடுத்த வருஷம் இந்தத் தாள்தான் மூன்றாம் பக்கமாகப் போகும், நேசபாயக்காதான் ஜெராக்ஸ் எடுப்பார். அந்த டாக்டரின் பெயர் மகேஷ்குமார். வயது நாற்பத்தாறு. குறைத்து எழுதவில்லை.